மல்லி அள்ளிக் கொட்டுகிறது, ரோஜா ஏன் சுருங்குகிறது?

கேள்வி: பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகும் வழியில் 40 செண்டில் சிவப்பு ரோஜா வைத்திருக்கிறேன். மூன்று வயதுச் செடி, சொட்டுநீர்ப் பாசனம். சித்திரை பிறந்ததிலிருந்து மொட்டு பெருக்கவே இல்லை. விரிந்தாலும் இதழ் குறைவு, நிறம் வெளுப்பு. யூரியா இரண்டு முறை கொடுத்தும் பயனில்லை. பக்கத்து வயலில் குண்டுமல்லி அள்ளிக் கொட்டுகிறது. வெயில் கூடினால் செடி உணவும் கூடுதலாகத்தானே தயாரிக்க வேண்டும்?

பதில்: ஐயா, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். அது இந்த வெயிலில் இளந்தளிரைத்தான் தள்ளும். அந்தத் தளிர்தான் முதலில் கருகும்.

உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் வெயில் என்பதில் வெளிச்சம், சூடு என்று இரண்டு சங்கதி இருக்கிறது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ரோஜா இலை ஒன்றுக்கு உச்சி வெயிலில் பாதி இருந்தாலே போதும். அதற்கு மேல் விழுவதை அது பயன்படுத்துவதில்லை. சூடு 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் ஒளிச்சேர்க்கை நன்றாக நடக்கும். 35-ஐத் தாண்டினால் சரியத் தொடங்கும். திருத்தணிப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 42, 43 என்று போவது உங்களுக்கே தெரியும்.

மதியம் இரண்டு மணிக்கு ஓர் இலையைப் புறங்கையில் ஒட்டிப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் செடி நீராவி விட்டுத் தன்னைத் தணித்துக்கொள்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் இலைத்துளைகளை மூடிவிட்டது என்று அர்த்தம். மண் ஈரமாக இருந்தாலும், அனல்காற்று உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது இப்படி மூடிக்கொள்ளும். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. இலையின் சூடும் காற்றின் சூட்டை மிஞ்சிவிடும். கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியை முடுக்கிவிட இன்னொரு புரதம் இருக்கிறது. சூட்டுக்கு முதலில் சோர்வது அதுதான். அப்புறம் ரூபிஸ்கோவும் கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடிக்க ஆரம்பிக்கும். சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகும்.

இரவிலும் செடிக்கு நிம்மதியில்லை. சுவாசத்துக்காகச் சர்க்கரையை எரிப்பது, சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பகலில் வரவு குறைந்து, புழுக்கமான இரவில் செலவு கூடினால் மொட்டுக்கு என்ன மிஞ்சும்? மொட்டு சிறுப்பதும் இதழ் குறைவதும் இதனால்தான். சிவப்பு நிறமியும் சூட்டில் சரியாக உருவாகாது, அதனால்தான் வெளுப்பு.

மல்லியோடு ஒப்பிட வேண்டாம். பங்குனி, சித்திரைதான் அதன் காலம். ரோஜாவுக்குப் பிடித்தது ஓசூர்ப் பக்கத்துக் குளிர்ச்சி.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். வெள்ளைத்தாளின் மேல் கிளையைத் தட்டிப் பாருங்கள். மிளகுத்தூள் போல ஏதாவது ஊர்ந்தால், அல்லது இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால், செஞ்சிலந்தியும் சேர்ந்திருக்கிறது. அதிகாலையில் இலையடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். செஞ்சிலந்திக்கு என்று, தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் நனையும் கந்தகத்தூளை இந்தச் சூட்டில் தெளித்துவிடாதீர்கள், இலை வெந்துபோகும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பாசனத்தை அதிகாலைக்கு மாற்றுங்கள், ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் மதியம் முதலில் சொட்டும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், சுடும். அதைத்தான் வேருக்கு ஊற்றுகிறோம். திருவாலங்காடு பக்கம் கரும்புச் சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகை, கிடைக்கும். நான்கு விரல் தடிமனுக்கு, தண்டை ஒட்டாமல், குழாயையும் மூடிப் பரப்புங்கள். கையில் காசு குறைவென்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

செலவு செய்ய முடிந்தால் 35 சதவீத வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலை போதும். கடைக்காரர் 75 சதவீதத்தைக் காட்டுவார், வாங்காதீர்கள். தண்டு நீண்டு மொட்டு குறையும். செடிக்கு மேல் நாலைந்து அடி இடைவெளி விட்டுக் கட்டினால்தான் சூடு வெளியேறும். மழை வந்ததும் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல்நோய் பிடிக்கும். வலை போடாதவர்கள் லிட்டருக்கு 50 கிராம் கயோலின் களிமண்ணைக் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் பூவில் பட்டால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும், விலை போகாது. அதனால் மொட்டில்லாத நேரத்துக்கே அது சரி.

அந்த நேரத்தை நீங்களே உண்டாக்கலாம். இப்போது வரும் மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளி எறியுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அந்தப் பூ பறிகூலிக்குக்கூடக் கட்டாது. கிள்ளினால் செடியிடம் கொஞ்சமாவது சேமிப்பு நிற்கும். கருகிய இலைகளைப் பறிக்க வேண்டாம், கீழிலைக்கு அவை நிழல். அக்னி முடிந்து ஒரு மழை விழுந்ததும், ஜூன் முதல் வாரத்தில், நுனிகளை மட்டும் லேசாக வெட்டிவிட்டு மட்கிய எரு கொடுங்கள். வெட்டியதிலிருந்து பூவுக்கு 40 முதல் 50 நாள் ஆகும். எண்ணிப் பாருங்கள், திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் காவடிக்குப் பூ தேடும் சமயம் அது.