படகு ஜெனரேட்டர்: மூச்சு விடவும் ஆறவும் காற்று

அக்டோபர், நவம்பர் வந்தால் ரியூனியன் தீவுப் பக்கமிருந்து பாய்மரப் படகுகள் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே, டர்பன் துறைமுகங்களுக்கு வரிசையாக வந்து சேரும். அவற்றில் சில இங்கேயே கைமாறும். வாங்குகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஜெனரேட்டர் பற்றியவை என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) காலத்தில் வீட்டுக்கு வாங்கிய 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் சும்மா கிடக்கிறது. படகின் பின்பக்க லாக்கரில் வைத்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டலாமா அண்ணா? — இசிபிங்கோ வாசகர்

வேண்டாம் தம்பி. 2023-இல் ஊரே இருட்டில் கிடந்தபோது வீட்டுக்கு வீடு வாங்கிய மிஷின் அது. கராஜுக்கு வெளியே, திறந்த முற்றத்தில் ஓடுவதற்காகச் செய்தது. அதன் சுவிட்சிலும் மோட்டாரிலும் பொறி பறந்தால் வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். லாக்கரில் ஒரு சொட்டு கசிந்தாலும் ஆவி மேலே எழாது, வடிகால் துளை வழியாக பில்ஜுக்குள், அதாவது படகின் அடிக்குழிக்குள், இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அங்கே தண்ணீர் இறைக்கும் பில்ஜ் பம்ப் ஒரு தடவை ஓடினால் போதும், அதன் பொறியிலேயே வெடித்துவிடும்.

அதை விடப் பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். காற்றில் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி. மூன்று மணி நேரம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. படகில் தலைவலி, குமட்டல் என்றால் யாரும் விஷப் புகையை நினைப்பதில்லை. "கடல் ஒத்துக்கலை" என்று கீழே போய்ப் படுக்கச் சொல்வார்கள். புகை இருக்கும் இடத்துக்கே அனுப்பி வைக்கிறோம்!

பின்தளத்தில் வைத்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் சிலர் வாதாடுகிறார்கள். நங்கூரத்தில் படகு காற்றைப் பார்த்து நிற்கும் வரை அது சரி. டர்பன் விரிகுடாவுக்குள் ஓதம் திரும்பினால் படகும் திரும்பும். புகை நேராகக் கேபின் வாசலுக்குள் வரும். அந்த மிஷினை விற்றுவிட்டு அந்தப் பணத்தைச் சோலார் தகட்டில் போடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தரையோடு ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். சரிதானா? — ஃபீனிக்ஸ்

தரையோடு வைக்க வேண்டியது சமையல் கேஸ் அலாரம். எல்பிஜி கனமானது, கீழே தங்கும். கார்பன் மோனாக்சைடோ ஏறத்தாழக் காற்றின் எடைதான், கேபின் முழுக்கக் கலந்து நிற்கும். அதனால் படுக்கும் இடத்தில், தலை உயரத்தில் வையுங்கள். ஜன்னல் ஓரமும் அடுப்பு ஓரமும் வேண்டாம். தூங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வீட்டு மாடல் வாங்காதீர்கள். ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தர விதியின் இரண்டாம் பாகம்தான் படகுக்கும் கேரவனுக்கும் உரியது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். அடியில் மாற்ற வேண்டிய வருஷமும் இருக்கும், அதையும் பாருங்கள். டீசல் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். டீசலில் இந்தப் புகை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பக்கத்துப் படகின் புகையும் உங்கள் ஜன்னல் வழியாக வரலாம்.

38 அடிப் படகு. ஏசி ஒன்று, தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின், பேட்டரி சார்ஜர், கெட்டில். கடைக்காரர் 8 கிலோவாட் எடுக்கச் சொல்கிறார். பெரிதாக இருந்தால் நல்லதுதானே? — சாட்ஸ்வர்த்

டீசலில் பெரிது நல்லதல்ல. கணக்கைப் பாருங்கள். 12,000 பிடியூ ஏசி ஓடும்போது சுமார் 1.2 கிலோவாட். தண்ணீர் மிஷின் இன்னொரு 1.2 என்று வையுங்கள். 12 வோல்ட்டில் 60 ஆம்ப் சார்ஜர் ஏறக்குறைய 1. மொத்தம் 3.4. கெட்டில் தனியாக 2 கேட்கும். டீக்காக மட்டும் ஜெனரேட்டரை ஒரு சைஸ் ஏற்றுவானேன்? தண்ணீரைக் கேஸில் கொதிக்க வையுங்கள்.

ராத்திரி ஏசி மட்டும் ஓடும். அப்போது 8 கிலோவாட் மிஷினுக்கு 15 சதவீத வேலைதான். டீசல் எஞ்சின் 30 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் ஓடினால் சூடு பிடிக்காது. எரியாத டீசல் புகைக்குழாயில் கரியாகப் படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி மழமழத்துப் போய் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். 70, 80 சதவீத வேலையில்தான் அது சந்தோஷமாக இருக்கும். 4 கிலோவாட் எடுங்கள். ஏசி கிளம்பும்போது மூன்று நான்கு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது உண்மைதான். அதற்கு மெதுவாகக் கிளப்பிவிடும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டினால் போதும். ஒவ்வொன்றாகப் போடவும் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடையில் 5 கேவிஏ என்பார்கள். கேவிஏவில் எத்தனை பங்கு உண்மையில் வேலைக்கு ஆகும் என்பதுதான் பவர் ஃபேக்டர்; அது 0.8 என்றால் அந்த 5 கேவிஏதான் உங்கள் 4 கிலோவாட். 4 கேவிஏவை 4 கிலோவாட் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

பழைய படகில் 6 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர், சத்தம் அடக்கும் பெட்டி இல்லை. எஞ்சின் அறையில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிடுகிறது, ரப்பர் வாசம். கூலிங் வாட்டர் நன்றாகவே வருகிறது. காற்றுக்கு 75 மிமீ ஹோஸ் ஒன்று உண்டு. — ரிச்சர்ட்ஸ் பே

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்த ஹோஸ் எஞ்சின் மூச்சு விடப் போதும், உடம்பு ஆறப் போதாது.

1.1 லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்றில் ஓடுகிறது என்று வைப்போம். எரிவதற்கு மணிக்குச் சுமார் 40 கன மீட்டர் காற்று போதும். ஆனால் கடல் தண்ணீர் எடுத்துப்போகும் சூட்டைத் தவிர, எஞ்சின் உடம்பிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் 2 முதல் 2.5 கிலோவாட் சூடு நேராக அறைக்குள் விழும். ஒரு பெரிய ரூம் ஹீட்டரை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. அறையை வெளிக்காற்றை விட 15 டிகிரிக்கு மேல் ஏற விடாமல் வைக்க மணிக்கு 500 கன மீட்டர் வேண்டும். மூச்சுக்கு வேண்டியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு! காற்று நிதானமாகப் போக 280 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். உங்கள் ஹோஸின் வாய் 44தான். மேலே சட்டகமும் வலையும் இருந்தால் அதில் பாதி அடைபட்டுவிடும்.

குளிர்ந்த காற்று ஒரு பக்கம் அடியில் வந்து இறங்க வேண்டும். சூடான காற்று எதிர்ப்பக்கம் உச்சியிலிருந்து வெளியேற வேண்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் வந்த காற்று அப்படியே திரும்பிப் போய்விடும், எஞ்சினைத் தொடவே தொடாது. மின்விசிறி வெளியே இழுக்கும் பக்கம்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் வாசம் கேபினுக்குள் வராது. உள்ளே வரும் திறப்பு வெளியே போவதை விடப் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விசிறியும் எஞ்சினும் ஒரே காற்றுக்குச் சண்டை போடும். 100 மிமீ புளோயரில் (அந்த இழுக்கும் விசிறியில்) மணிக்கு 400 கன மீட்டர் என்று எழுதியிருந்தால், இரண்டு வளைவும் நெளிநெளி ஹோஸும் மாட்டிய பிறகு பாதியைக்கூட எதிர்பார்க்காதீர்கள். எஞ்சினை நிறுத்தியதும் இன்னும் பத்து நிமிஷம் விசிறி ஓடட்டும்.

நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. டீசல் படகில் மட்டும் செய்யுங்கள், பெட்ரோல் வாசம் உள்ள இடத்தில் கூடவே கூடாது. புளோயரைப் போட்டுவிட்டு ஊதுபத்தி ஒன்றைக் கேபின் பக்கச் சுவரில் ஒயர் நுழையும் ஓட்டைகளுக்கு எதிரே பிடியுங்கள். புகை எஞ்சின் அறைப் பக்கம் சாய்ந்தால் அறை கேபின் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், அடைக்க வேண்டிய ஓட்டை எதுவென்றும் தெரிந்துவிடும். உங்கள் பக்கமே திரும்பினால் எஞ்சின் அறைக் காற்று கேபினுக்குள் வருகிறது என்று அர்த்தம், அன்று ராத்திரி அந்தப் படகில் படுக்காதீர்கள்.

தீயணைப்பு சிலிண்டர் உள்ளே இருந்தால், அது திறக்கும்போது எஞ்சினும் விசிறியும் தானாக நிற்க வேண்டும். மேல் திறப்புகளுக்கு மூடி வையுங்கள். தென்மேற்குக் காற்று எழுந்து அலை தளத்தில் ஏறும்போதும் அந்த மூடி வேண்டும். மூடியிருக்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது, சாவியிலேயே ஒரு அட்டை கட்டி எழுதி வையுங்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் பத்துப் பதினைந்து தடவை முயன்றேன். அப்புறம் டக்கென்று நின்றுவிட்டது, சுற்றவே இல்லை. — டர்பன்

சிலிண்டருக்குள் கடல் தண்ணீர் போயிருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் ஒவ்வொரு தடவையும் பம்ப் தண்ணீர் இறைக்கும். எஞ்சின் பிடிக்காததால் அதை வெளியே தள்ளப் புகை இருக்காது, சைலன்ஸர் நிரம்பி உள்ளே திரும்பும். டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, எஞ்சின் ஆயிலை மாற்றி, அன்றைக்கே ஓட்டினால் பிழைக்கும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டால் துருப் பிடித்துவிடும். இதே வேலையை என் சொந்தப் படகில் நானே செய்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இனி மூன்று தடவைக்கு மேல் முயன்றால் கடல் வால்வை மூடிக்கொள்ளுங்கள். எஞ்சின் பிடித்த நொடியே திறந்துவிடுங்கள், அதை மறந்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் சக்கரம்) போய்விடும். படகின் அடியில் தண்ணீர் எடுக்கும் வாய் முன்பக்கம் பார்த்த கரண்டி மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பாயில் வேகமாகப் போகும்போது அது தானாகவே தண்ணீரை உள்ளே தள்ளும்.

அமெரிக்காவில் செய்த படகு, 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர். சுற்றைக் குறைத்து 50 ஆக்கலாமா? — கேப் டவுன்

சில மாடல்களில் ஆகும், 1800 சுற்று 1500 ஆகும். ஆனால் பவரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், வோல்ட்டேஜ் ரெகுலேட்டரையும் திருத்த வேண்டும். படகு முழுக்க 120 வோல்ட் சாமான் என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். கரை மின்சாரத்துக்கு 230 வோல்ட் எடுக்கும் சார்ஜர் ஒன்று போட்டு, பேட்டரி வழியாக இன்வெர்ட்டரில் ஓட்டுவது மலிவு.

ஜெனரேட்டரே வேண்டாம், லித்தியம் பேட்டரியும் சோலாரும் போதும் என்கிறார் மகன். — ஸ்டாங்கர்

ஏசி இல்லாவிட்டால் மகன் சொல்வது சரி. ஏசி வேண்டும் என்றால் ராத்திரி ஏழு மணி நேரத்துக்கு 5 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும், அதற்கு எத்தனை தகடு தளத்தில் கொள்ளும் என்று அவரையே டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.