பென்னாகரம் நண்பருக்கு: வில் ஏன் வளைந்தே நிற்கிறது, அம்பு ஏன் மெதுவாகப் போகிறது

வணக்கம் நண்பரே. சடச்சி மரத்தில் ஐந்தரை அடி வில் செதுக்கி, 40 பவுண்டு இழுவை (நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை) இருந்தும் அம்பு வேகமாகப் போகவில்லை, நாணைக் கழற்றினாலும் வில் 3 அங்குலம் வளைந்தே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நடுகல் வீரர்கள் வில்லேந்தி நிற்கும் நம் மாவட்டத்தில் இன்னொருவர் வில் செதுக்குவது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மரத்தில் குறையில்லை, சடச்சி நன்றாக வளைந்து கொடுக்கும். வெட்டி இரண்டே மாதம் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். ஈரம் போகாத மரத்தை இழுத்தால் வயிற்றுப்புற நார்கள், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கத்து நார்கள், நசுங்கிவிடும். அந்த வளைவு இனி முழுதாகப் போகாது. அடுத்த மரத்தைப் பிளந்து, இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். வாராவாரம் எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகு இழைப்புளியைத் தொடுங்கள். மரம் பட்டா நிலத்தில் கிடைத்ததாக இருக்கட்டும், காப்புக்காடு வேண்டாம்.

சரி, வேகத்தை இந்த வில்லிலேயே கூட்டலாம். முனை கனமாக இருந்தால் வில்லின் வலு அதை நகர்த்துவதிலேயே தீர்ந்துவிடும். கடைசி ஏழெட்டு அங்குலத்தைப் பக்கவாட்டில் சுரண்டி, நுனியை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். தடிமனில் கை வைக்காதீர்கள்: அகலம் பாதியானால் விறைப்பும் பாதியாகும், தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். முதுகுப்புறத்தில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், இருக்கும் மரத்தின் வளர்ச்சி வளையத்தை அறுத்துவிடவும் கூடாது, முறிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

அப்புறம், நைலான் நாண் வேண்டவே வேண்டாம், இழுபடும். பாலியெஸ்டர் நூலை முறுக்கிக் கட்டுங்கள். இந்த வில்லுக்கு அம்பு 26 கிராம் அளவில் இருந்தால் போதும்.