சீடி ஓடுது, டிவிடி ஓடவில்லை: லப்டொப் ட்ரைவ் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (உவர்மலை): எங்கள் லப்டொப் 2012இல் வாங்கியது. பாட்டுச் சீடிகள் இன்னும் ஓடுகின்றன. மகளின் சாமத்திய வீட்டு டிவிடியைப் போட்டால் மட்டும் இரண்டு மூன்று தடவை உறுமிவிட்டு, உள்ளே தட்டே இல்லை என்கிறது. கடையில் முழு ட்ரைவையும் மாற்றச் சொல்கிறார்கள். துப்புரவு செய்து பார்த்தால் சரிவருமா?

பதில்: சீடி ஓடி டிவிடி ஓடாமல் போவது ஒரு நல்ல தடயம். ட்ரைவுக்குள் லேசர் இரண்டு இருக்கிறது. சீடியை வாசிப்பது 780 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளி, டிவிடியை வாசிப்பது 650 நனோமீற்றர் சிவப்பு ஒளி. இரண்டும் வெளியே வருவது ஒரே வில்லை வழியாகத்தான். ஆகவே ஒன்று சாக மற்றது உயிரோடு இருக்கலாம். அதேநேரம், சீடியில் தடங்களுக்கு இடையிலான தூரம் 1.6 மைக்ரோமீற்றர், டிவிடியில் 0.74 மட்டுமே. வில்லையில் படலம் படிந்தாலும் முதலில் தடுமாறுவது டிவிடிதான். இந்த இரண்டில் உங்கள் வீட்டில் எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் புது ட்ரைவுக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

அதற்கும் முன்னால், பிழை ட்ரைவிலா தட்டிலா என்று பாருங்கள். அதே சாமத்திய வீட்டு டிவிடியை வேறொரு கணினியிலோ டிவிடி பிளேயரிலோ போடுங்கள். அங்கும் ஓடாவிட்டால் பிழை தட்டில். அடுத்து, கடையில் வாங்கிய, கம்பனியில் அச்சிட்ட படத் தட்டு (அச்சுப்படம்) ஒன்றை உங்கள் லப்டொப்பில் போடுங்கள். அச்சுத் தட்டில் தகவல் பள்ளங்களாகவே பதிந்திருக்கும். வீடியோக்காரர் எழுதித் தந்த தட்டில் அது ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். அச்சுப்படம் ஓடி, எழுதிய தட்டு மட்டும் ஓடாவிட்டால் லேசர் பலவீனமாகத் தொடங்கியிருக்கலாம், அல்லது தட்டின் சாயம் மங்கியிருக்கலாம்.

இனித் துப்புரவு. லப்டொப் ட்ரைவில் இது சுகம், தட்டு வைக்கும் தட்டத்தை வெளியே இழுத்தால் வில்லை கண்முன்னே இருக்கும். பயறு அளவான அந்த வில்லை மெல்லிய கம்பிகளில் தொங்கி நிற்கிறது, மேலே கீழே அசையத்தான் வேண்டும். நம்முடைய ஊரில் அதில் படிவது வெறும் தூசி மட்டும் அல்ல. கச்சான் காலத்துப் புழுதி, கடற்காற்றின் உப்பு ஈரம், நுளம்புச் சுருள் புகை, குசினி எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படலமாகிவிடும். காற்று அடித்தால் அது போகாது.

கணினி இயங்கும்போதே தட்டத்தைத் திறந்துவிட்டு, அப்படியே நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கமராவுக்குப் பாவிக்கும் ரப்பர் ஊதுகுழலால் தூசியை முதலில் விரட்டுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் தெறித்தால் வேலை இரட்டிப்பாகும். பிறகு 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் ஒரு துளியைக் காதுக்குச்சியில் எடுத்து, ஈரம் சொட்டாதபடி பிழிந்து, வில்லையின் நடுவில் வைத்து இரண்டு மூன்று சுற்று. வில்லை சற்றே தாழ்ந்து எழும்பும் அளவு அழுத்தம் போதும், அதற்கு மேல் வேண்டாம். காய்ந்த குச்சியால் ஒருமுறை துடைத்து, 5 நிமிடம் காயவிட்டு மூடுங்கள். பாமசியில் கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். காயத்துக்குப் போடும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருப்பதுண்டு, அது காய்ந்தபின் தானே ஒரு படலத்தை விட்டுப்போகும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பிளாஸ்டிக் வில்லையை நிரந்தரமாக மங்கச் செய்துவிடும். தூரிகை வைத்த துப்புரவுத் தட்டுகள் கடையில் கிடைக்கும். வில்லை கைக்கு எட்டும்போது அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

தட்டைத் திரும்பப் போடும்போது நடுக்குமிழைச் சுற்றி இரண்டு விரலால் அழுத்துங்கள். குமிழில் உள்ள சிறு பற்கள் தட்டைக் கவ்வும் 'டிக்' சத்தம் கேட்கவேண்டும். கேட்காமல் மூடினால் தட்டு சாய்ந்து உராயும். நீங்கள் சொல்லும் உறுமல் சிலவேளை இதனாலும் வரும்.

துப்புரவுக்குப் பிறகு ஓடினால் நல்லது. ஒரு கிழமையில் பழைய கதை திரும்பினால் டிவிடி லேசர் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் 'உள்ளே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி லேசர் பவரைக் கூட்டித் தருகிறேன்' என்று யாரும் சொன்னால் விடவேண்டாம். தேய்ந்த லேசர் டயோடுக்கு மின்னோட்டத்தைக் கூட்டினால் கொஞ்ச நாள் ஓடுவதுபோல் காட்டிவிட்டு முழுவதும் எரிந்துபோகும். லேசரை மட்டும் மாற்றும் வேலையும் கூலிக்குக் கட்டாது. ட்ரைவை முழுதாக மாற்றவேண்டும் என்று கடைக்காரர் சொன்னது அந்த இடத்தில் சரிதான்.

மாற்றும் வேலை கஷ்டமில்லை. பெரும்பாலான லப்டொப்புகளில் அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்குறு ஆணிதான் ட்ரைவைப் பிடித்திருக்கும், பக்கத்தில் தட்டு அடையாளம் பொறித்திருக்கும். அதைக் கழற்றினால் ட்ரைவ் பக்கவாட்டில் வழுக்கி வரும். வாங்கமுன் பழையதைக் கையோடு எடுத்துப்போய்த் தடிப்பைப் பொருத்திப் பாருங்கள். 12.7 மில்லிமீற்றர், 9.5 மில்லிமீற்றர் என்று இரண்டு வகை பரவலாக உண்டு. 12.7ஐ 9.5 இடத்தில் நுழைக்கமுடியாது. இணைப்பு 'சாட்டா' என்ற புதிய வகையா, 2008க்கு முந்திய கணினிகளில் இருந்த பழைய 50 முனை வகையா என்றும் பாருங்கள். முன்முகப்புப் பிளாஸ்டிக்கையும் பின்னால் உள்ள தகட்டுக் கொளுவியையும் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றவேண்டும், ஆகவே பழையதைக் கடையில் விட்டுவிட்டு வரவேண்டாம்.

இவ்வளவும் சொன்னபிறகும் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: உங்களுக்குத் தேவை ட்ரைவா, அந்த டிவிடியில் உள்ள படமா? படம்தான் என்றால் மேசைக் கணினி உள்ள ஒருவரிடம் போங்கள். பெரிய ட்ரைவுகள் பலவீனமான தட்டுகளை லப்டொப் ட்ரைவுகளை விட நன்றாக வாசிப்பது வழக்கம். தட்டுக்குள் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை இருக்கும், அதை முழுதாகப் பிரதி எடுத்தால் போதும். ஒரு முழு டிவிடி விண்டோஸ் கணக்கில் 4.38 ஜிபி. 32 ஜிபி பென் ட்ரைவில் ஆறு தட்டு அடங்கும். தட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்கிறீர்கள் என்றால் பென் ட்ரைவை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்துகொள்ளுங்கள், பழைய ஃபாட் 32 முறை 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது. பிரதி ஒரு இடத்தில் இறுகி நின்றால் திரும்பத் திரும்ப முயலாமல் ஐசோபஸ்டர் அல்லது லினக்ஸில் டிடிரெஸ்கியூ போன்ற மீட்பு மென்பொருளைப் பாவியுங்கள். முதலில் வாசிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரச் செய்யலாம். அதே தட்டை இரண்டாவது ட்ரைவில் போட்டு விடுபட்டதை நிரப்பவும் முடியும். அலுமாரியில் இருக்கும் மற்றத் தட்டுகளையும் இந்த வருடமே எடுத்துவைத்துவிடுங்கள். கல்யாண வீடும் அம்மம்மாவின் குரலும் அந்தச் சாயப் படலத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

கேள்வி (கிண்ணியா): தட்டம் பட்டனை அழுத்தத் திறக்கிறது, மூடுகிறது. ஆனால் கணினிக்குள் டிவிடி ட்ரைவின் படமே காணாமல் போய்விட்டது. ட்ரைவ் செத்துவிட்டதா?

பதில்: தட்டம் திறப்பதால் 5 வோல்ட் மின் போகிறது என்று மட்டும்தான் தெரிகிறது. தகவல் போகும் வழி வேறு. முதலில் 'ஷட் டவுன்' அல்லாமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்கம் காரணமாக, ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலை முழுதாக அழியாது.

பிறகும் இல்லாவிட்டால் கணினி தொடங்கும்போது எஃப் 2 அல்லது எஃப் 10 அழுத்தி, விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போங்கள் (எந்த விசை என்று திரையில் ஒரு நொடி காட்டும்). அங்கே ட்ரைவின் பெயர் இருந்தால் உடம்பு நல்லது, பிழை விண்டோஸில். விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்து, டிவிடி ட்ரைவின் மேல் மஞ்சள் அடையாளம் இருந்தால் அதை 'அன்இன்ஸ்டோல்' செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் திரும்பக் கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். 19, 39 என்ற பிழை எண் திரும்பவும் வந்தால், முன்னர் போட்டு அழித்த சீடி எழுதும் மென்பொருள் ஒன்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோவர் ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகளை விட்டுப்போயிருக்கும். சீடி ட்ரைவுக்குரிய பகுதியில் உள்ள அவை இரண்டை மட்டும் அழித்தால் சரியாகும். வன்தட்டுக்குரிய பகுதியிலும் இதே பெயரில் பதிவுகள் இருக்கலாம், அங்கே கைவைத்தால் கணினி தொடங்காமலே போகக்கூடும். பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள்.

பயோஸிலும் பெயர் இல்லையா? அடிப்பக்க ஆணியைக் கழற்றி ட்ரைவை வெளியே இழுத்து, இணைப்பு முனைகளை மேலே சொன்ன அல்ககோலால் துடைத்து, காய்ந்தபின் இறுகச் செருகுங்கள். கரையோர வீடுகளில் இந்த முனைகள் கறுத்துப்போவது சாதாரணம். தட்டத்தைப் பாதி இழுத்தால் ட்ரைவ் தெரிகிறது, உள்ளே தள்ளினால் மறைகிறது என்றால் தட்டத்தோடு மடிந்து விரியும் பட்டி வயர் வெடித்திருக்கிறது. அதற்குப் புது ட்ரைவ்தான் வழி.

கேள்வி (தம்பலகாமம்): தட்டம் திறக்கவே மாட்டேன் என்கிறது, உள்ளே பிள்ளையின் பாடசாலைத் தட்டு.

பதில்: கணினியை நிறுத்தி அரை நிமிடம் பொறுங்கள். முன்முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராக உள்ளே தள்ளுங்கள், தட்டம் ஒரு விரற்கடை வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். வளைத்துக் குத்தவேண்டாம். துளையால் திறந்து பட்டனால் திறக்காவிட்டால் கொக்கி பழுது.

கேள்வி (மூதூர்): விண்டோஸ் 10 போட்ட பிறகு படத் தட்டுகள் ஓடவில்லை. கோப்புகள் மட்டும் தெரிகின்றன.

பதில்: கோப்புகள் தெரிந்தால் ட்ரைவில் பிழையில்லை. விண்டோஸ் 8 தொடங்கி டிவிடிப் படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. இலவசமான விஎல்சி பிளேயரைப் போடுங்கள். 'ரீஜன்' (தட்டு எந்த நாடுகளுக்கென விற்கப்பட்டது என்ற எண்) மாற்றவா என்று திரை கேட்டால் அவசரப்பட்டு அழுத்தவேண்டாம். ட்ரைவ் 5 தடவைக்கு மேல் அதை மாற்றவிடாது, கடைசியில் தெரிவு செய்ததிலேயே பூட்டிக்கொள்ளும். இலங்கைக்குரியது 5ஆம் ரீஜன்.

கேள்வி (உப்புவெளி): யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி ட்ரைவ் ஒன்று வாங்கி இரண்டு கிழமை. தட்டைப் போட்டதும் சுற்றத் தொடங்கி உடனே அணைகிறது. கடைக்காரர் 'உங்கள் லப்டொப்பில்தான் பிழை' என்று திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், அதை நீங்களே நிரூபிக்க முடியும். சுற்றத் தொடங்கும் நொடியில்தான் ட்ரைவுக்கு மின் அதிகம் வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 500 மில்லியம்பியர், 3.0 துளை 900. நடுவில் 'ஹப்' (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) இருந்தால் கழற்றிவிட்டு, நீல நிற நாக்குள்ள 3.0 துளையில் நேராகச் செருகுங்கள். ட்ரைவோடு இரட்டை முனை வயர் தந்திருந்தால் இரண்டு முனையையும் போடவேண்டும், பலர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் குறைசொல்கிறார்கள். வேறு குட்டை வயரும் வைத்துப் பாருங்கள். பிறகு ட்ரைவைக் கடைக்கே கொண்டுபோய் அவர்களின் கணினியில், அவர்களின் தட்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கும் அணைந்தால் லப்டொப் கதை முடிந்தது.

அப்படியும் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் போகவேண்டும். பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, ட்ரைவின் அடியில் உள்ள தொடர் இலக்கத்தின் படம், கடையில் ஓட்டிப் பார்த்த திகதி ஆகியவற்றைச் சேருங்கள். பற்றுச்சீட்டு தராமல் அனுப்பியிருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள், கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. முடிவு வரும்வரை ட்ரைவின் ஆணிகளையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் உத்தரவாத ஒட்டியையும் தொடவேண்டாம்.