பாரில் நேரடி இசையோடு ஊமைப்படம் பார்த்த அனுபவம் உண்டா? அந்தச் சத்தத்தில் படம் பார்க்க முடியுமா?

முடியும். பெர்லினில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளிக்கிழமை இரவு அலுவலக நண்பன் அழைத்துப் போனான். சின்ன பார், நாற்பது பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். சுவரில் ஒரு வெள்ளைத் துணி, அதன் அடியில் பழைய பியானோ. படம், அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924). முக்கால் மணி நேரம்தான்.

அதுவரை ஊமைப்படங்களை யூடியூபில்தான் பார்த்திருந்தேன். ஏதோ ஓர் இசையை மேலே ஒட்டியிருப்பார்கள், பத்து நிமிடத்தில் மூடிவிடுவேன். இங்கே பியானோ வாசித்த பெண்ணின் முன்னால் இசைக்குறிப்புத் தாள் எதுவும் இல்லை. கண் முழுக்கத் திரையில்.

கீட்டன் அதில் தியேட்டர் ஆபரேட்டர். தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார். அவர் அப்படியே இருக்க, சுற்றியுள்ள இடம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. பெஞ்சில் உட்காரப் போனால் அது நடுத்தெரு. கடலில் குதித்தால் பனிக்குள் தலைகுத்த விழுகிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பியானோவும் மாறியது. கூட்டம் சிரித்தபோதெல்லாம் அந்தப் பெண் ஒரே சுரத்தைத் தட்டியபடி காத்திருந்து, சிரிப்பு அடங்கியதும் மேலே போனார்.

ஆனால் என்னை உலுக்கியது அதற்கு முன்பே வந்த காட்சி. ஓடும் ரயிலின் கூரைமேல் ஓடிவந்து, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குகிறார் கீட்டன். அந்த இடத்தில் பியானோ பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பாரில் ஒரு கண்ணாடி டம்ளர் சத்தம்கூட இல்லை. கொட்டிய தண்ணீர் கீட்டனைத் தண்டவாளத்தில் தள்ளுகிறது. அந்த விழுகையில் கீட்டனின் கழுத்தெலும்பு நிஜமாகவே முறிந்தது. பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரியவந்தது. இது நான் முன்பே படித்த தகவல்தான். ஆனாலும், விழுவது ஒரு மனிதனின் உடம்பு என்று அந்த நிசப்தத்தில்தான் உறைத்தது.

படம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "தண்ணீர் விழும் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டுமே" என்றார்.

பாரில் படமா என்று தயங்க வேண்டாம். சினிமாவின் தொடக்கமே இப்படிப்பட்ட இடங்களில்தான். 1895 நவம்பர் 1-ஆம் தேதி இதே பெர்லினில் ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்கள் படம் காட்டியது விண்டர்கார்டன் என்ற கேளிக்கை அரங்கில், மற்ற வித்தைகளோடு வித்தையாகத்தான். அடுத்த மாதம் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காட்டியதும் ஒரு கஃபேயின் நிலவறையில்.

போகும் முன் ஆள் உட்கார்ந்து வாசிக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பியானோவுக்குப் பக்கத்து மேசை கிடைத்தால் விடாதீர்கள், கையும் திரையும் சேர்ந்து தெரியும். பெர்லின் போக வாய்த்தால் பாபிலோன் தியேட்டருக்கும் போய்வாருங்கள். 1929-இல் பொருத்திய சினிமா ஆர்கன் (படத்துக்குப் பின்னணி வாசிக்கும் பெரிய குழாய் இசைக்கருவி) அங்கே அதே இடத்தில் இருக்கிறது. ஊமைப்படங்களுக்கு இன்றும் அதை வாசிக்கிறார்கள்.