பின்பக்க அரைக்கும் சத்தம்: முதலில் ஆயிலைப் பாருங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியின் பின்னாலிருந்து அரைக்கிற சத்தம், விட்டதும் குறைகிறது என்கிறீர்கள். எனக்கு டிஃபரன்ஷியல் (எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மீதுதான் சந்தேகம், குறிப்பாக பினியன் பேரிங் (அதற்குள் சுழற்சியைக் கொண்டுவரும் சிறு பல்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்). வீல் பேரிங் என்றால் மிதித்தாலும் விட்டாலும் சத்தம் பெரிதாக மாறாது. ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஒடிக்கும்போதுதான் மாறும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியை, அதாவது ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். (ஆயிலை வடிக்கும் மூடியான டிரெயின் பிளக்கை அப்புறம் தொடலாம். ஃபில்லர் இறுகிக்கிடந்தால் திரும்ப ஆயில் ஊற்ற வழியிருக்காது.) பெரும்பாலான வண்டிகளில் ஆயில் துளையின் விளிம்புவரை நிற்கும். குறைந்திருந்தால் பினியன் சீலில் (பினியன் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையம்) கசிவு இருக்கிறதா பாருங்கள். அடுத்து டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சரி, அது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அப்படியானால் புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இறுகினால் ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.