பழைய டிஸ்டார்ஷன் பெடலும் அதே பெயரில் இன்று வரும் பெடலும் ஏன் வேறு மாதிரி ஒலிக்கின்றன?

டிஸ்டார்ஷன் பெடல் என்பது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி. பெட்டியும் பெயரும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் பாகங்கள்தான் மாறிவிட்டன. 1966-ல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலில் முதலில் இருந்தவை ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன டிரான்சிஸ்டர்கள். அவற்றில் ஒலி மெதுவாக, மழுங்கலாக உடையும், கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் ஒலி கிட்டத்தட்ட சுத்தமாகிவிடும். சில ஆண்டுகளிலேயே சிலிக்கானுக்கு மாறினார்கள், அதில் கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, அதிகம், ஒலியும் கூர்மை.

ஜெர்மானியத்தில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு ரகம், அதனால் ஒரே வருடத்தில் செய்த இரண்டு பெடல்கள்கூட ஒன்றுபோல ஒலிக்காது. அப்புறம் சூடு. வெப்பம் ஏற ஏற அதில் கசிவு மின்னோட்டமும் ஏறி பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர் வேலை செய்யும் மின் நிலை, நகர்ந்துவிடும், ஏசி அறையில் அருமையாக ஒலித்த பெடல் மே மாதச் சென்னையில், திறந்தவெளி மேடையில், கரகரவென்று திணறினால் ஆச்சரியப்படாதீர்கள். சிலிக்கானுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ராட் என்ற இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் வேறு கதை. பழையதில் ஒலியைப் பெருக்குவது எல்எம்308 சிப், புதியதில் ஓபி07. பழைய சிப்புக்காகப் பலர் கூடுதல் விலை தருகிறார்கள், ஆனால் இரண்டுமே வேகம் குறைந்த சிப்கள்தான், என் காதுக்கு அது வீண் செலவு.

நீங்களே செய்து பார்ப்பதென்றால் சென்னை ரிச்சி தெருவில் பிசி547 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் வாங்கி சிலிக்கான் ஃபஸ் பெடல் ஒன்று கட்டுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கான பழைய சர்க்யூட் பலகையில் பிசி547-ஐ அப்படியே சொருகாதீர்கள், அந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை பிஎன்பி வகை, பிசி547 என்பிஎன் வகை, மின்முனை தலைகீழ்.