ஆஸ்பத்திரி வாட்டில் பேசாத பிள்ளை: கேள்வி பதில்

(பேச்சு சிகிச்சை மிஸ்ஸிடம் மலையகத் தாய்மார் கேட்டவை)

மஸ்கெலியாவிலிருந்து: மகளுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம். நாலைந்து சொல்தான் பேசுவாள். அடுத்த வாரம் பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். என்ன கொண்டுபோவது மிஸ்?

உடுப்பு, போர்வை எல்லாம் அப்புறம். முதலில், உங்களுக்கு மட்டும் தெரிந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், உதட்டை மடித்தால் தண்ணீர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே வாட்டில் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நான் பார்த்த ஒரு பையன் அடிக்கடி கன்னத்தை உப்பிக் காட்டுவான். பல்வலி என்று நினைத்து இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து பார்த்தோம். பார்வையாளர் நேரத்தில் வந்த அவனுடைய அக்கா சிரித்துவிட்டாள். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கும் அம்மாயியைத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

வலி வந்தால் மகள் என்ன செய்வாள் என்பது முதல் வரியில் இருக்கட்டும். எல்லாப் பிள்ளையும் அழாது; சிலருக்குச் சத்தமில்லாமல் உடம்பு விறைக்கும். முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று பார்த்து வலிக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடும் ‘ஃபிளாக்’ என்ற முறை உண்டு. அதன் திருத்திய வடிவில் பெற்றோர் சொல்லும் அடையாளங்களையும் சேர்ப்பார்கள். அதனால் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். தமிழுக்குக் கீழே சிங்களத்திலும் எழுதுவித்துக் கட்டிலில் ஒட்டுங்கள். இரவு டியூட்டி தாதி மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.

வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போகும் என்கிறார் மாமியார்.

போகாது. ஆய்வுகளில் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்குக் கூடியும் இருக்கிறது.

லிந்துலையிலிருந்து: படம் எங்கே வாங்குவது?

வாங்க வேண்டாம். பழைய கலண்டர் மட்டையில் ஆறு படம் போதும்: வலி, தண்ணீர், மூத்திரம், அம்மா, வேண்டாம், போதும். பெரும்பாலானோர் சாப்பாட்டுப் படமாகவே ஒட்டி, ‘வேண்டாம்’ என்பதை விட்டுவிடுகிறார்கள். ஊசி ஏற்றும் இடத்தில் பிள்ளைக்கு அதுதானே முதலில் வேண்டும்! சேலைன் ஏறும் கையைப் பார்த்து, மற்றக் கைக்கு எட்டும் பக்கம் மட்டையை வையுங்கள். நீங்கள் பேசும்போதும் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்.

கொழுந்துக்குப் போகாவிட்டால் எனக்குப் பேர் (அன்றைய நாள் சம்பளம்) இல்லை. அப்பாயிதான் வாட்டில் நிற்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

படத்துக்கு எழுத்து எதற்கு? போவதற்கு முன் அப்பாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சைகையையும் பிள்ளையையே செய்துகாட்டச் சொல்லுங்கள். போனில் வீடியோவும் எடுத்து வையுங்கள்.

டொக்டர் என்னிடம்தான் கேட்கிறார், பிள்ளையைப் பார்ப்பதே இல்லை.

சரி, நீங்கள் பிள்ளை பக்கம் திரும்புங்கள். “டொக்டர் கேட்கிறார், எங்கே வலிக்குது?” என்று மட்டையை நீட்டுங்கள். டொக்டரின் கண்ணும் அந்த விரலைத் தேடிப் போகும்.